தவசிலிங்கம் குடுத்த ரத்தம்

தண்ணி வேண்டாம் மதினி. சொம்ப அப்படியே வைங்க. தண்ணி குடிச்சா எனக்கு அடக்க முடியாது, பஸ்ல வேற திரும்பிப் போகணும். காலையில சிவகாசியில ஏறுனதுலருந்து நாக்க மட்டும் நனைச்சுக்கிட்டு வாரேன். இந்த நாற்காலி போதும். வாக்கர மட்டும் கைக்கு எட்டுற மாதிரி இங்கிட்டு வைங்க. அது இல்லாம என்னால எந்திரிக்க முடியாது.

மதினின்னு கூப்பிடலாம்ல? கல்யாணப் பத்திரிகையில கோமதியம்மாள்னு போட்டிருக்கு. என் பேரு அன்னபாக்கியம். நாம முன்னப்பின்ன பாத்ததில்ல. எங்கிட்டிருந்தோ ஒரு நொண்டி வந்து நடுவீட்ல உக்காந்திருக்காளேன்னு நெனைப்பீங்க. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. உங்க மகன் கல்யாணத்த நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

பதறாதீங்க. உங்க மகனப் பத்தி ஒரு குறையும் சொல்ல வரல. அந்தப் பொண்ணு நாகஜோதியப் பத்தியும் நடத்தை அது இதுன்னு என் வாயில வராது. பொண்ணு தங்கமான பொண்ணுதான். அவ அப்பன் தவசிலிங்கம் இருக்கான் பாருங்க, சாத்தூர்ல லோடு ஆட்டோ ஓட்டுறான்ல, அவன் ரத்தம் சரியில்ல. அவன் ரத்தத்துலதான் என் காலு போச்சு. அதே ரத்தம்தான அந்தப் பொண்ணு உடம்புலயும் ஓடுது? நாளைக்கு உங்களுக்கு ஒரு பேரப்பிள்ளை பொறந்தா அதுக்கும் அதான? தெரிஞ்சுக்கிட்டுச் செய்றதுன்னா செய்யுங்க. தெரியாமப் போயி மாட்டிக்கிடாதீங்க. அம்புட்டுத்தான்.

வாயில வந்ததப் பேசல மதினி. ஆதாரம் இருக்கு. இந்தக் கட்டைப்பையில பூராப் பைலும் கொண்டாந்திருக்கேன். சீட்டு ஒண்ணு விடாம வச்சிருக்கேன். நீங்க படிச்சவுகளா? இல்லையா. நானும் எட்டாப்புதான். இங்கிலீசு எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. பரவாயில்ல, நான் வாயாலயே சொல்றேன், மொதல்லருந்து.

தொண்ணூத்தெட்டுல என் மக சிந்துஜா பொறந்தா. தீவாளிக்கு ஒரு வாரம் இருக்கு. சிவகாசியில தீவாளிக்கு ஒரு வாரம்னா கேக்கணுமா? ஊரே லோடு ஏத்திக்கிட்டுக் கெடக்கும். ஒரு ஆம்பளைய நிறுத்தி மணி என்னன்னு கேக்க முடியாது. அந்த நேரம் பாத்து எனக்கு வலி வந்துருச்சு. பிள்ள பொறந்துருச்சு, ரத்தம் நிக்கல. நர்சிங் ஹோம்ல சேத்திருந்தாக. பேரு எதுக்கு, அது இப்பக் கல்யாண மண்டபமாப் போச்சு. டாக்டரம்மா வெளிய வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட, ஒரு பாட்டில் ரத்தம் வேணும், ஆளக் கூட்டிட்டு ரத்த வங்கிக்கு ஓடுங்கன்னாக. அப்பல்லாம் ஆளக் கொண்டுபோனாத்தான் பாட்டில். நம்ம ஆளு ஒருத்தர் குடுத்தா ஒரு கார்டு தருவாக. கார்டக் காட்டுனா பாட்டில் தருவாக.

எங்க வீட்டுக்காரர் கூடப்பொறந்த தம்பிக ரெண்டு பேரு. ஒருத்தனுக்கு அந்த நிமிசமே காய்ச்சல் வந்துருச்சு. இன்னொருத்தனுக்கு ஊசின்னா பயமாம். மீசைய மட்டும் இம்புட்டு நீளம் வளத்து வச்சிருந்தான். இவரு குடுக்கலாம்னா அப்பத்தான் மஞ்சக்காமாலையிலருந்து எந்திரிச்சவரு, தெருவுல தலையில கைய வச்சுக்கிட்டு நிக்காரு. அப்பத்தான் இந்தத் தவசிலிங்கம். எங்க தெருக் கடைசியில குடியிருந்தவன், அப்ப லாரியில லோடுமேன். சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல. என்னண்ணே முகம் இப்படியிருக்குன்னு கேட்டிருக்கான். விசயத்தச் சொன்னதும் தோள்ல கெடந்த துண்ட உதறிட்டு, வாங்க போவோம்னு சைக்கிள்ல ஏறிட்டான். அதையும் சொல்லத்தான் செய்யணும். நான் ஒண்ணும் மறைக்கல.

அவன் அங்க கட்டில்ல படுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கையிலயே இவரு கார்ட வாங்கிட்டாரு. ஐஸ் வச்ச டப்பாவுல பாட்டில வாங்கிட்டு ஒரே ஓட்டமா ஓடியாந்துட்டாரு. தவசிலிங்கம் அதுக்கப்புறம்தான் எந்திரிச்சு, அவுக குடுத்த பிஸ்கட்டத் தின்னுட்டு மெதுவா வந்தானாம். என் தலைமாட்டுல அந்தப் பாட்டில் தொங்குனத நான் கண்ணால பாத்தேன் மதினி. தவசிலிங்கம் ரத்தம், அவன் புண்ணியத்துல பொழைச்சுக்கிட்டன்னு இவரு சொன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பாட்டில.

அன்னையிலருந்து அவன் எனக்கு அண்ணன். வருசா வருசம் தீவாளிக்கு அவன் பொண்டாட்டிக்கு நான் சேலை எடுக்காம இருந்ததில்ல. இந்த நாகஜோதிக்குக் காது குத்தையில மொத வரிசை நான் கொண்டுபோன தட்டுதான். தெருவுல யாரும் கேட்டா, இவரு என் ரத்தங்குடுத்த அண்ணன்னு சொல்லிக்கிருவேன். அவனும் வாய் நிறைய தங்கச்சி தங்கச்சின்னுதான் கூப்பிடுவான். இம்புட்டையும் எதுக்குச் சொல்றேன்னா, யாரோ ஒருத்தன் செஞ்சிருந்தா விட்டுத் தொலைச்சிருப்பேன். அண்ணன்னு கூப்பிட்ட வாயி இது.

என் மகளா? அவளுக்கென்ன, கொழுக்கு மொழுக்குன்னு வளந்தா. ரெண்டரை வருசம் தாய்ப்பால் குடுத்தேன் மதினி. எங்க தெருவுல யாரும் அம்புட்டு நாள் குடுத்ததில்ல. பவுடர் பாலுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியாது.

அவ ஏழாப்பு படிக்கையில எனக்கு இந்தச் சனியன் ஆரம்பிச்சது. நான் அப்பக் காலண்டர் பிரஸ்ல நின்ன வேலை. ஒரு நாளு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாரேன், மக கேக்கா, ஏம்மா ஒத்தச் செருப்போட வாரன்னு. குனிஞ்சு பாத்தா எடது கால்ல செருப்பு இல்ல. எங்க கழண்டதுன்னே தெரியல. தாரு ரோட்டுல அம்புட்டுத் தூரம் வெறுங்கால்ல நடந்திருக்கேன், காலு எனக்குச் சொல்லல. அப்புறம் தொடை ரெண்டும் வெறைக்க ஆரம்பிச்சது. காலையில எந்திரிச்சா யாரோ கயிறு போட்டு முறுக்கி வச்ச மாதிரி இருக்கும். மடக்கணும்னாலும் கெஞ்சணும், நீட்டணும்னாலும் கெஞ்சணும். ஒண்ணுக்கு வந்தா வந்ததுதான். பிரஸ்ல சேலையோட போயிட்டேன் ஒரு நாள், அத்தனை ஆம்பளைக முன்னாடி. அன்னைக்குச் செத்திருக்கலாம்.

எட்டு வருசம் மதினி. ஒருத்தர் தேய்மானம்னு பெல்ட்டு போடச் சொன்னாரு. ஒருத்தர் நரம்புத் தளர்ச்சின்னு ஊசி போட்டாரு. முதுகுல டிபின்னு ஒருத்தர் ஒன்பது மாசம் மாத்திரை குடுத்தாரு, ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போகும். எண்ணெய் தேச்சு மிதிச்சுவிட்டா சரியாகும்னு ஒருத்தன் என்னையக் குப்புறப் போட்டு மிதிச்சான் பாருங்க, அவன் காலு வெளங்காமப் போக.

கடைசியில மதுரையில ஒரு டாக்டரு. முதுகுலருந்து தண்ணி எடுத்தாரு, ரத்தம் எடுத்து எங்கயோ வெளியூருக்கு அனுப்புனாரு. ரிசல்ட்டு வந்ததும் என்னைய உக்கார வச்சுப் பொறுமையாத்தான் சொன்னாரு. இது ஒரு கிருமிம்மா, எச்.டி.எல்.வி.ன்னு பேரு, தண்டுவடத்துல போயி உக்காந்துக்கிருச்சு, இருக்குறத முத்தவிடாமப் பாத்துக்கிறலாம், எடுத்துப் போட முடியாதுன்னாரு. எப்பவாச்சும் ரத்தம் ஏத்துனீங்களான்னு கேட்டாரு. ஒரு தரம், பிரசவத்துலன்னேன். அதுலதான் வந்திருக்கணும்னாரு.

அந்த நிமிசம் எனக்குக் காலு நினைப்பு வரல, கிருமி நினைப்பு வரல. தவசிலிங்கம் மூஞ்சிதான் வந்துச்சு. இருபது வருசமா நான் சேலை எடுத்துக் குடுத்தேனே, அந்த மூஞ்சி.

மகளையும் ஒரு தரம் கூட்டிட்டு வாங்கம்மான்னாரு அந்த டாக்டரு. அவுகளுக்கென்ன, குடும்பத்தையே வரிசையா உக்கார வச்சு ஊசி குத்துவாக. அவளுக்கு அப்பத்தான் காலேஜ் முடிஞ்சு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்தோம். சரிங்க சரிங்கன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

இவரு மதுரை பஸ் ஸ்டாண்டுலருந்தே அவரு தங்கச்சிக்குப் போன் போட்டாரு. எச்.டி.எல்.வி.ன்னு எழுத்தெழுத்தாத்தான் சொன்னாரு, நான் பக்கத்துல நிக்கேன். அந்த மகராசிக்கு மொத எழுத்தும் கடைசி எழுத்தும்தான் காதுல விழுந்திருக்கு. நடுவுல இருக்குறத அவளே போட்டுக்கிட்டா. நாங்க சிவகாசியில பஸ்ஸ விட்டு எறங்குறதுக்குள்ள தெருப்பூரா அன்னபாக்கியத்துக்கு எய்ட்ஸு. எச்.ஐ.வி. இல்லடி, இது வேறடின்னு நான் யார் யார்கிட்டச் சொல்ல? பிரஸ்ல என் தூக்குச்சட்டிய மட்டும் தனியா எடுத்து வச்சாளுக. மகளுக்குப் பேசி முடிச்ச எடம் ஒண்ணு, பேசாம விலகிருச்சு. எங்க வீட்டுக்காரர் அந்த வருத்தத்துலயே நெஞ்சு வலி வந்து போயிட்டாரு. நாலு வருசம் ஆச்சு.

நான் விடுவனா? என்னைய எய்ட்ஸ்காரின்னாகல்ல, அத யாரு குடுத்ததுன்னு கேக்க வேண்டாமா? தவசிலிங்கம்னு சொன்னேன். குழாயடியில சொன்னேன், ரேசன் கடையில சொன்னேன், லோடு ஆட்டோ ஸ்டாண்டுல வாக்கரோட போயி நின்னு அவன் கூட்டாளிக முன்னாடி சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன். மிச்சத்த ஊரு பாத்துக்கிருச்சு. ஒரு மாசத்துல அவன் வண்டிய யாரும் கூப்பிடல. அவன் பொண்டாட்டி பூக்கட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தா, கோயில்ல வாங்க மாட்டேன்னுட்டாக. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? வெறைச்ச காலு ரெண்டும் ஒரு நிமிசம் லேசான மாதிரி இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு தரம் வீட்டுக்கு வந்தான். கொய்யாப்பழம் வாங்கிட்டு வந்து வாசல்லயே நின்னான். தெரிஞ்சு குடுக்கலம்மான்னான். தங்கச்சின்னு கூப்பிட வாய் வரல பாத்தீங்களா. மூணு எடத்துல டெஸ்ட் எடுத்தேன், ஒண்ணும் இல்லங்காக, ஆனா உனக்கு என்னாலதான் வந்துச்சுன்னா நான் என்ன செய்யட்டும்னு கேட்டான். அது வேற வியாதிக்கு எடுத்த டெஸ்ட்டுடா, இதுக்கு இல்லன்னேன். கொய்யாப்பழத்த அவன் கண்ணு முன்னாடியே சாக்கடையில போட்டேன். மறுமாசம் வீட்டக் காலி பண்ணிட்டு சாத்தூரு போயிட்டான். ஓடுறான்னா குத்தம் இருக்குன்னுதான அர்த்தம்?

மதினி, கேக்குறீங்கல்ல? முகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டீங்க.

இந்தக் கல்யாணம் எனக்கு எப்படித் தெரியும்னா, எனக்கு இப்ப உக்காந்த வேலை. பத்திரிகை மடிச்சுக் கவர்ல போடுறது. போன செவ்வாக்கிழமை ஒரு கட்டு வருது, முன்னூறு பத்திரிகை. மேல இருக்குறத எடுத்துப் பாத்தா, தவசிலிங்கம் அவர்களின் குமாரத்தி திருவளர்ச்செல்வி நாகஜோதி. என் மக கல்யாணத்துக்கு நான் பட்ட பாடு என்ன, இவன் மகளுக்குப் பிள்ளையார் படம் போட்டு வெல்வெட்டுக் கவருல பத்திரிகை. அத்தனையவும் கிழிச்சுப் போடலாமான்னு வந்துச்சு. செய்யல. முன்னூறையும் மடிச்சேன், ஒண்ணுல கூட ஓரம் பிசகல. வேலையில என்னையக் குறை சொல்ல முடியாது. ஒண்ண மட்டும் இடுப்புல சொருகிக்கிட்டேன். அதுலதான் உங்க விலாசம் இருந்துச்சு. கோவில்பட்டின்னு பாத்ததும், சாத்தூரத் தாண்டித்தான, போயிருவோம்னு நெனைச்சேன்.

என் மகளுக்கு எப்படி முடிஞ்சதுன்னு கேக்குறீங்க. தேனிப்பக்கம் குடுத்திருக்கேன், எங்களத் தெரியாத ஊரு. அம்மாவுக்கு முதுகுத் தேய்மானம்னு சொன்னோம். வேற என்ன சொல்ல? அது மறைச்சதாகாது மதினி, வியாதி எனக்குத்தான, அவளுக்கா? நல்ல மாமியா, நல்ல மாப்பிள்ள. இப்ப ஏழு மாசம். வாற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதுக்கப்புறம் வீட்டுக்குக் கூட்டியாந்துருவேன். அதுக்குள்ள இந்த வேலைய முடிக்கணும்னுதான் இன்னைக்கே கெளம்பி வந்தேன்.

உள்ள யாரு? தம்பியா? லீவா இன்னைக்கு? வாங்க தம்பி, நீங்கதான செல்வகணபதி. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீகளா. நல்லதாப் போச்சு. உங்க நல்லதுக்குத்தான் சொல்ல வந்தேன்.

பைலா? பாருங்க, நல்லாப் பாருங்க. அதுக்குத்தான கொண்டாந்திருக்கேன். மேல இருக்குறது மதுரை டாக்டர் எழுதுனது. அடியில பிளாஸ்டிக் கவருக்குள்ள இருக்குறது நர்சிங் ஹோம் சீட்டு, தொண்ணூத்தெட்டு. அதோட ஒரு சின்னக் கார்டு இருக்கும், அதான் தவசிலிங்கம் ரத்தங்குடுத்த கார்டு. இவரு அவசரத்துல வாங்கிச் சட்டைப் பையில வச்சது. இருபத்தாறு வருசமாப் பத்திரமா வச்சிருக்கேன். மொதல்ல சாமி படத்துக்குப் பின்னால, இப்ப ஒரு நாள் கோர்ட்டுல காட்டணும்னு.

நீங்க இதெல்லாம் படிக்கிறீகளே தம்பி, என்ன வேலை? ரத்த வங்கியிலயா? பத்திரிகையில உங்க பேருக்குப் பின்னால நாலு எழுத்து போட்டிருந்துச்சே, அது அந்தப் படிப்பா. நான் ஏதோ இன்ஜினியர் படிப்புன்னுல்ல நெனைச்சேன். அப்பச் சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேன். நீங்களே உங்க அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க.

என் சீட்டுல என்ன போட்டிருக்கு? ஓ பாசிட்டிவ். ஆமா, நான் ஓ பாசிட்டிவ்தான், எல்லாப் பைல்லயும் அதான் இருக்கும். அவன் கார்டுல? பி. பி பாசிட்டிவ். சரி, இருந்துட்டுப் போகட்டும். அதுக்கென்ன?

செத்திருப்பேனா?

என்ன தம்பி சொல்றீங்க. ஓ-வுக்கு பி சேராதா? அவன் ரத்தம் ஒரு கை அளவு ஏறியிருந்தாலே அந்தக் கட்டில்லயே முடிஞ்சிருப்பேனா? அப்படின்னா தலைமாட்டுல தொங்குனது? நான் கண்ணால பாத்தேன் தம்பி, என் கண்ணால.

மெதுவாச் சொல்லுங்க. மாத்து ரத்தம். அவன் குடுத்தது வங்கிக்கு. அதுக்குப் பதிலா வங்கியில முன்னாடியே இருந்த பாட்டில்ல என் குரூப்பாப் பாத்து ஒண்ண எடுத்துக் குடுத்திருக்காக. அவன் ரத்தம் அப்புறம் வேற யாருக்கோ போயிருக்கும். எல்லா எடத்துலயும் அப்படித்தானா? நீங்களும் அப்படித்தான் செய்றீகளா? இத எங்க வீட்டுக்காரருக்கு ஒருத்தரும் சொல்லலையே. அவன் கட்டில்ல படுத்திருக்கையிலயே இவரு கையில பாட்டிலு வந்துருச்சு. அவன் ரத்தம் இன்னும் குழாயில போய்க்கிட்டு இருக்கு, இவரு பாட்டிலோட ஓடியாராரு. எனக்கு இது ஒரு நாளும் உறைக்கலையே. இத்தனை பேர்கிட்ட நானே சொல்லியிருக்கேன். இப்பவும் உங்க அம்மாகிட்ட என் வாயாலதான சொன்னேன்.

இல்ல. இல்ல தம்பி, நீங்க மாமனாருக்கு ஏத்துக்கிட்டுப் பேசுறீங்க. கார்டக் குடுங்க இங்க.

பி. ஆமா, பி தான் போட்டிருக்கு.

அப்ப யாரு? யாரு ரத்தம் அது? வங்கியில எழுதி வச்சிருப்பாகல்ல, பேரு இருக்கும்ல? அந்த வங்கியே இப்ப இல்லையா. இருந்தாலும் அம்புட்டு வருசத்துக் கணக்கு இருக்காதா. அஞ்சு வியாதிக்குத்தான் டெஸ்ட் பண்ணுவீங்க, இது அதுல இல்லையா? இன்னைக்கு வரைக்கும் இல்லையா? குடுத்தவனுக்கே தெரிஞ்சிருக்காதுங்கறீங்க. அவன் பாட்டுக்கு நல்லா நடமாடிக்கிட்டுக் கூட இருப்பானா. அவனும் எவனுக்கோ நல்லது செய்யணும்னு வந்து படுத்தவன்தானா.

அப்படிச் சொன்னா நான் என்ன செய்யட்டும் தம்பி? காலு ரெண்டும் போச்சு. ஒருத்தனும் செய்யலன்னா எப்படிப் போச்சு? ஆறு வருசமா காலையில எந்திரிக்கையில, வாக்கரப் பிடிக்க முன்னாடி, அவன் பேரச் சொல்லி ஒரு தரம் மனசால மண்ணவாரித் தூத்திட்டுத்தான் எந்திரிப்பேன். அந்த வேகத்துலதான் எந்திரிப்பேன். நாளைக்கு எதப் பிடிச்சு எந்திரிக்க?

என்ன மதினி? நிச்சயத்துக்கு வந்தப்ப இங்க அவன் உங்க டம்ளர்ல காப்பி குடிக்கலையா? பையிலருந்து சொந்தமா ஒரு டம்ளர் எடுத்தானா? அவனக் கவுரவம் பிடிச்ச ஆளுன்னு நீங்க நெனைச்சுக்கிட்டீங்க. அய்யோ. அவன் நம்பிட்டான் மதினி. நான் சொன்னத அவனே நம்பிட்டான். தன் வீட்டுலயே தன்னத் தள்ளி வச்சுக்கிட்டு இருந்திருக்கான். வந்து நின்னப்ப, நான் குடுக்கலன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லலையே. சொல்லியிருந்தாத் தேவலையே. கொய்யாப்பழத்தச் சாக்கடையில போட்டேனே.

தம்பி, அந்தப் பக்கத்தப் படிக்காதீங்க. அது என் பக்கம். பைலக் குடுங்க. குடுங்க தம்பி.

எனக்குத் தெரியும் என்ன எழுதியிருக்குன்னு. மகளுக்கு டெஸ்ட் எடுக்கணும்னு எழுதியிருப்பாரு. தாய்ப்பால்ல போகும்னு அவரு வாயாலயே சொன்னாரு. நான் உங்க அம்மாகிட்ட அத மட்டும் சொல்லல. ரெண்டரை வருசம்னு பெருமையா வேற பீத்திக்கிட்டேன். அவளுக்குக் காலு குதிரை மாதிரி இருக்கு தம்பி, ஓடுவா, ஆடுவா, அவளுக்கு எப்படி இருக்கும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். டெஸ்ட் எடுத்து இருக்குன்னு வந்துட்டா யாரு கட்டுவா? ஒரு எடம் போனது போதாதா? அதான் வாயத் தச்சுக்கிட்டேன். ஆறு வருசம்.

மதினி, அப்படிப் பாக்காதீங்க. நீங்க நெனைக்கிறது புரியுது. கெட்ட ரத்தத்துப் பொண்ண மறைச்சுக் கட்டிக் குடுக்கான்னு அவனச் சொல்ல வந்தவ, அதத்தான செஞ்சுட்டு வந்திருக்கான்னு. ஆமா. அதத்தான் செஞ்சிருக்கேன். உங்க கால்ல விழணும்னாலும் என்னால குனிய முடியாது. இது இந்த வாசலத் தாண்டிப் போயிறக் கூடாது மதினி. தேனியில தெரிஞ்சா என் மக வாழ்க்க போச்சு. கல்யாணத்த நல்லபடியா நடத்துங்க. நாகஜோதிக்கு ஒண்ணுமில்ல, அவ அப்பனுக்கும் ஒண்ணுமில்ல, நானே சாத்தூருக்குப் போயி அவன் வாசல்ல உக்காந்து சொல்றேன். என் விசயத்த மட்டும் விட்ருங்க.

என்ன தம்பி சொல்றீங்க? விடக் கூடாதா?

பிள்ள இன்னும் பொறக்கல. இப்பவே டெஸ்ட் எடுத்தா, அவளுக்கு இருந்துச்சுன்னா, டாக்டரக் கேட்டு வேற பால் குடுக்கலாம். அந்தப் பிள்ளைக்குப் போகாமத் தடுக்கலாம். அவளுக்கு இல்லாமலே கூட இருக்கலாமா? இல்லாமப் போறவுகதான் நெறையவா? இருந்தாலும் எல்லாருக்கும் என்னைய மாதிரி ஆகாதா? நெசமாத்தான் சொல்றீகளா, எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீகளா? நெசமாவா.

ஆனா சொல்லித்தான் ஆகணும்.

நீங்க சொல்லுங்க தம்பி. நீங்க படிச்சவுக, பதமாச் சொல்லுவீக. என்னால முடியாது. அவ மொதக் கேள்வியா, உனக்கு எப்ப தெரியும்னு கேப்பா. என் மகள எனக்குத் தெரியும், மொதக் கேள்வி அதான். ஆறு வருசமாத் தெரியும்னு சொல்லவா? காலேஜ் முடிச்ச வருசமே தெரியும், தெரிஞ்சுதான் உன்னையக் கட்டிக் குடுத்தேன், தெரிஞ்சுதான் நீ உண்டானப்ப ஊருக்கெல்லாம் சீனி குடுத்தேன்னு சொல்லவா? யாரு செஞ்சது யாரு செஞ்சதுன்னு பேரு கெடைக்காம நான் இங்க உக்காந்து அழுகுறேன். அவளுக்கு அந்தச் சிரமம் இல்ல. அவளுக்குப் பேரு தெரியும்.

சரி. போடுங்க. என் போன்லயே போடுங்க. சிந்துன்னு இருக்கும் பாருங்க. ஸ்பீக்கர் வேண்டாம், என்கிட்டக் குடுங்க. நானே பேசுறேன்.

ரிங்கு போகுது.

ஏ சிந்து, அம்மாதான். இல்லத்தா, நல்லாத்தான் இருக்கேன். கோவில்பட்டியில ஒரு வீட்ல இருக்கேன், அத அப்புறம் சொல்றேன். நீ நிக்கிறியா, உக்காந்திருக்கியா? உக்காரு. சேரு போட்டு உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும், குறுக்க பேசாமக் கேளு. கேட்டு முடிச்சிட்டு என்னைய எம்புட்டு வேணாலும் திட்டு. போன மட்டும் வச்சிறாமத் திட்டு.